லைலாவிடம் யார் கேட்டார்கள்?

 

லைலா – மஜ்னூன் என்னும் இரு பெயர்களைக் கண்டவுடன் உங்கள் இதழோரம் ஒரு சிரிப்பு எழுந்திருக்குமானால் அதற்காக நாண வேண்டியதில்லை. எங்கள் அன்னூரிலும் அப்படித்தான். தாடி வளர்த்து, முகம் வாடி, தேநீர்க் கடைப் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் வாலிபனைப் பார்த்து, "என்னப்பா மஜ்னு, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரபு மண்ணில் பிறந்த ஒரு பெருந்துயரம், நம் தெருவில் வெறும் கேலிப் பெயராகக் குறுகிவிட்டது.

1950-ஆம் ஆண்டில் எஃப். நாகூர் அவர்களின் இயக்கத்தில் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்து வெளிவந்த 'லைலா மஜ்னு' படத்தை என் நன்னி கொட்டகையில் பார்த்தவர். அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம், "பாவம், அந்தப் பையன்!" என்று பெருமூச்செறிந்து முடிப்பார். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் என் 58-ஆவது வயது வரை அதை அவனுடைய கதையாகவே எண்ணி வந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு நடனம் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ, என்னவோ!

நடந்ததைச் சொல்கிறேன். சத்தியமங்கலம் சாலையில் ஒரு சிறு ஜவுளிக் கடை எனக்கு இருக்கிறது. என் ஒரே மகள் கோவையில் மேற்படிப்புப் படிக்கிறாள். சென்ற ரஜப் மாதத்தில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் கண்ணியமான குடும்பம். பையனுக்குத் தீய பழக்கம் ஏதுமில்லை. ஐந்து வேளையும் தொழுபவன். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஏறத்தாழ வாக்குக் கொடுத்துவிட்ட நிலை. மகளிடமும் சொல்லியிருந்தேன். ஆம், சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. சொல்வதற்கும் கேட்பதற்கும் இடையே உள்ள தூரம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது அவள் செல்பேசியை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து அமர்ந்தாள். "அத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க. லைலா மஜ்னூன் கதை" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் காட்டியவை ஒரு மேடை நிகழ்ச்சியின் சில பகுதிகள். மார்க் மோரிஸ் என்பவர் அமெரிக்காவின் நவீன நடன ஆசிரியர்களுள் பெயர் பெற்றவர். பதிவு செய்த இசைக்கு ஆடுவதை ஒப்பாதவர். இசைவாணர்கள் எதிரே இருந்து வாசித்தால்தான் அவருடைய குழு மேடையேறும். அவர் 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் இக்கதையை நடனமாக அரங்கேற்றினார். இசைக்கு 'சில்க் ரோடு' என்னும் பன்னாட்டு இசைக்குழு. பின்திரையில் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில ஓவியரின் அகன்ற தூரிகைத் தீற்றல்கள். பெண்கள் செந்நிற நீள அங்கியிலும், ஆண்கள் நீல மேலங்கியிலும் இருந்தார்கள்.

"நம் வீட்டுப் பத்திரிகையில் நடனமா?" என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. இசை குறித்தும் ஆடல் குறித்தும் உலமாப் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் அறிவேன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பாட்டுக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் தப்ஸ் ஒலிக்காமலும் நலங்குப் பாட்டு இல்லாமலும் நாம் இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இறைவனையே மனோன்மணி என்ற காதலியாக விளித்துக் கண்ணி பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் தமிழ் முஸ்லிம்கள் இருநூறு ஆண்டுகளாக நெஞ்சில் ஏந்தி வருகிறோம். ஆகவே இரண்டு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள்.

மேடையின் நடுவே இருவர் அமர்ந்து பாடுகிறார்கள். ஒருவர் முதியவர், மற்றவர் இளம் பெண். முதியவர் மஜ்னூனுக்காகப் பாடுகிறார். அப்பெண் லைலாவுக்காகப் பாடுகிறார். அவர்கள் இருவரைச் சுற்றியும், முன்னும் பின்னும் படிகளிலுமாக ஆடுவோர் சுழன்று வருகிறார்கள். பாடுவோர் இருக்கையை விட்டு எழுவதேயில்லை. குரல் மட்டும் எழுகிறது. அம்மம்மா, அது என்ன குரல்! மொழி புரியாத எனக்கே தொண்டை அடைத்தது.

"இவங்க ரெண்டு பேரும் யார் தெரியுமா அத்தா?" என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். "அப்பாவும் மகளும்" என்றாள்.

அஜர்பைஜான் நாட்டின் ஆலிம் காசிமோவும் அவருடைய மகள் ஃபர்கானா காசிமோவாவும்தாம் அவர்கள். 1999-இல் யுனெஸ்கோவின் இசை விருதைப் பெற்றவர் அந்தத் தந்தை. அவர்கள் பாடுவது 'முகாம்' என்னும் இசைமுறை. நம் ஊரில் கண் சிகிச்சை முகாம் நடக்குமே, அதுவன்று. அரபியின் 'மகாம்' என்ற சொல் வழியாக வந்த பெயர். நம் வித்துவான்கள் இராக ஆலாபனை செய்வது போல, வரையறுத்த சுவடுகளின்மேல் பாடகர் தம் மனம் போகும் வழியில் விரித்துப் பாடுவது. 'தார்' என்ற நரம்புக் கருவியும், முழங்கால்மேல் நிறுத்தி வில்லால் இழைக்கும் 'கமாஞ்சா'வும் கூட வரும். அவற்றோடு வயலினும் ஜப்பானிய மூங்கில் குழலும் அந்த மேடையில் சேர்ந்திருந்தன.

கதையில் லைலாவின் குரலை அடைத்தவர் அவளுடைய தந்தை. மேடையிலோ ஒரு தந்தை, தம் மகள் லைலாவாகப் பாடி முடிக்கும்வரை அருகிலேயே காத்திருந்து கேட்கிறார்; அதன் பிறகே தம் குரலை எடுக்கிறார். என் மகள் இதைத் திட்டமிட்டுத்தான் காட்டினாளா என்று அன்றும் நான் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அந்தக் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

உமையாக்களின் ஆட்சிக் காலத்தில் நஜ்துப் பகுதியில் வாழ்ந்த பனூ ஆமிர் கூட்டத்தைச் சேர்ந்தவன் கைஸ் இப்னு முலவ்வஹ். அப்படி ஒருவன் வாழ்ந்ததே ஐயம் என்று கூறிய பழைய அரபு அறிஞர்களும் உண்டு. சவூதி அரேபியாவின் அல் அஃப்லாஜ் பகுதியில் இன்றும் 'லைலா' என்றே ஓர் ஊர் இருக்கிறது. சிறுவயதில் ஆட்டுக்குட்டிகள் மேய்க்கும்போது இருவரும் பழகினர். வளர்ந்ததும் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கவிதை பாடினான். குற்றம் அதுவே! ஒரு பெண்ணை ஊரறியப் பாடியவனுக்கே அவளைக் கொடுத்தால், ஊர்ப்பேச்சு மெய்யென்று ஆகிவிடும். குடும்ப மானம் போய்விடும் என்பது அக்கால அரபு வழக்கம். எனவே தந்தை மறுத்தார். வேறொருவனுக்கு அவளை மணம் முடித்தார். இவன் பித்தனானான், 'மஜ்னூன்' ஆனான். பித்தம் தெளியட்டும் என்று அவனை மக்காவுக்கு அழைத்துச் சென்றார் அவனுடைய தந்தை. அவனோ கஅபாவின் திரையைப் பற்றிக்கொண்டு, இந்தக் காதலை இன்னும் பெருக்கித் தா என்று இறைஞ்சினானாம்.

இதைப் பாரசீகத்தில் காவியமாக்கியவர் கஞ்சா நகரத்து நிஜாமி, ஆண்டு 1188. அவர் முதலில் தயங்கினார் என்று நீங்கள் அறிவீர்களா? ஷிர்வான் மன்னரின் கட்டளை வந்தபோது, பூங்காவும் இல்லை, விருந்தும் இல்லை, மணலும் வறண்ட மலையுமான இக்கதையில் எதைப் பாடுவது என்று சலித்துக்கொண்டார். அவரை ஒப்புக்கொள்ளச் செய்தவன் அவருடைய 14 வயது மகன் முஹம்மது. இதைப் படித்தபோது செல்பேசியை நீட்டிய என் மகளின் கை கண்முன் வந்தது. பெரியவர்களிடம் இக்கதையைக் கொண்டுவந்து சேர்ப்பது பிள்ளைகளின் வேலை போலும்!

நிஜாமியின் லைலா நாம் கேலி பேசும் லைலா அல்லள். விரும்பாத கணவன் தன்னை நெருங்கியபோது அவனை அறைந்தவள். அவன் இறந்த பிறகு, கணவனுக்காகத் துக்கம் காக்கும் வழக்கத்தைத் திரையாக்கிக்கொண்டு மஜ்னூனுக்காக அழுதவள். அழுவதற்குக்கூட ஊர் ஒப்பும் ஒரு காரணம் அவளுக்கு வேண்டியிருந்தது. அவனுக்குக் காடு இருந்தது, விலங்குகள் தோழர்களாயின, பாடல்களை ஊரெல்லாம் மனனம் செய்தது. அவளுக்கு நான்கு சுவர்கள். "பாவம், அந்தப் பையன்" என்ற என் நன்னியின் பெருமூச்சு பாதிக் கதைக்கு மட்டுமே உரியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

தில்லியில் நம் அமீர் குஸ்ரு இதே கதையைப் பாடினார். 16-ஆம் நூற்றாண்டில் ஃபுஜூலி துருக்கிய மொழியில் பாடினார். அந்த ஃபுஜூலியின் காவியத்தைக் கொண்டு உஜேயிர் ஹாஜிபேலி என்னும் இளைஞர் 1908 ஜனவரியில் பாகூ நகரில் ஓர் இசை நாடகம் அமைத்தார். முஸ்லிம் உலகின் முதல் ஆப்பரா என்று அதனைச் சிறப்பித்துக் கூறுவர். அப்போது ஹாஜிபேலிக்கு வயது 22! பெண்கள் மேடையேற முடியாத காலம். ஆகவே தேநீர்க் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் லைலா வேடம் பூண்டார். லைலாவின் துயரத்தைச் சொல்லவும் ஓர் ஆண்தான் வரவேண்டியிருந்தது. அந்த இசை நாடகத்தையே காசிமோவ் தந்தையும் மகளும் சில்க் ரோடு இசைவாணர்களும் சுருக்கி அமைத்தனர். அதற்கே மோரிஸ் நடனம் கட்டினார். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பகுதிகள்: காதலும் பிரிவும், பெற்றோரின் மறுப்பு, துயரம், லைலா விரும்பாத திருமணம், இருவரின் மறைவு.

அதில் அவர் செய்த ஓர் உத்தி என்னை விட்டு அகலவில்லை. லைலாவாக ஒரே பெண் ஆடுவதில்லை. பகுதிக்குப் பகுதி ஒரு புதிய இணை லைலாவும் மஜ்னூனுமாக மாறி வருகிறது. சற்று முன் கூட்டத்தில் நின்றவள் இப்போது லைலா. சற்று முன் லைலாவாகத் துடித்தவள் இப்போது கூட்டத்தில். யாருக்கு வேண்டுமானாலும் இது நேரும் என்று ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். திரைப்படத்தில் ஒரு நடிகையின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு வீடு திரும்புகிறோம். இங்கே எந்த முகத்தைப் பிடித்துக்கொள்வது? நான்காம் பகுதியில் மணப்பெண்ணாக நிற்பவளின் தலை கவிழ்ந்தபோது எனக்கு வேறொரு தலை நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்த உத்தி மேலைநாட்டாருக்குப் புதுமையாக இருக்கலாம். கொங்கு நாட்டாராகிய நமக்குப் புதிதன்று. மாலை வேளையில் எங்கள் கடை மாடியில் நின்றால் சில நாட்களில் வள்ளிக் கும்மிப் பயிற்சியின் ஓசை கேட்கும். வாத்தியார் ஒலிபெருக்கியில் பாட, மேளம் முழங்க, பெண்கள் வட்டமாக அடியெடுத்து வைப்பார்கள். வள்ளி தினைப்புனம் காத்ததும், முருகன் கிழவராக வந்ததும், அவர்கள் மணம் முடித்ததும் பாட்டாக வரும். மாற்று மதத்தாரின் கதையேயாயினும் பிறந்தது முதல் கேட்டுப் பழகிய செவி எங்களுடையது. அந்த வட்டத்தில் வள்ளி யார்? ஒருத்தியும் இல்லை. நாற்பது பேர் ஆடினால் நாற்பது பேரும் வள்ளிதான். எங்களுக்கு மேற்கே மேட்டுப்பாளையத்தை அடுத்த பகுதியில் இக்கலையை வாழ்நாளெல்லாம் கற்பித்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பது அவருடைய சிறப்பு. பாகூவில் லைலாவாக ஆண் நின்ற காலமும், இங்கே வள்ளியின் கதையை ஆண்களே ஆடிய காலமும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று எண்ணி வியந்தேன். ஒரே ஒரு வேறுபாடு. வள்ளி தன் மனத்துக்கு இசைந்தவரை மணந்தாள். ஆகவே அக்கதையைக் கும்மி கொட்டி ஆட முடிகிறது.

இனி, நினைவுக்கு வந்த அந்தத் தலையைப் பற்றி.

1983-இல் என் அக்காவின் நிக்காஹ் நடந்தது. எனக்கு அப்போது 16 வயது. நிக்காஹ் சபையில் ஆண்கள் அமர்ந்திருக்க, பெண்ணின் சம்மதம் கேட்டு வருவதற்காக வக்கீலும் இரு சாட்சிகளும் வீட்டினுள் செல்வது முறையன்றோ? தப்தரை ஏந்திக்கொண்டு அவர்களின் பின்னால் சென்றவன் நான். பட்டுச் சேலையில் அக்கா குனிந்திருந்தார். கேள்வி கேட்கப்பட்டது. அக்காவின் தலை அசைந்தது. "சம்மதம்தான், போங்க" என்றது ஒரு பெண் குரல். அனைவரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். சபையில் பேரீச்சம்பழம் வழங்கினார்கள். நான் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டேன்.

மச்சான் நல்லவர். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அக்காவின் வாழ்வு சோகக் கதையன்று. அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். எனினும் செல்பேசியில் அந்த நடனத்தைப் பார்த்த மறுவாரம் அவரிடம் சென்று, "அன்னைக்கு உனக்குச் சம்மதமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இப்படி ஒரு கேள்வி! அவர் சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "என் தலை ஆடவே இல்லடா. பெரியம்மாதான் பின்னாடி இருந்து அமுக்கினாங்க." சற்று நேரம் கழித்து, "டீச்சர் டிரெய்னிங் படிக்கணும்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு பேரனின் காய்ச்சலைப் பற்றிப் பேசினார்.

அன்பர்களே! கன்னிப் பெண்ணின் மௌனமே அவளுடைய சம்மதம் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். அது அவளுடைய நாணத்தின்மீது காட்டிய கருணை. வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுகிறவளை வற்புறுத்தாதீர்கள் என்பது அதன் பொருள். கேட்காமலே இருந்துவிடலாம் என்பதன்று. கேட்டால்தானே மௌனத்துக்குப் பொருள் வரும்? கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற மதீனத்துப் பெண்மணியின் வரலாறு புகாரீயில் இருக்கிறது. முன்பே மணமாகியிருந்த அவரை, அவர் விருப்பமின்றித் தந்தை மறுமணம் செய்துவைத்தார். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கினார்கள். லைலா வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலம் அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுகூட ஆகாத காலம். அவளுக்குக் கிட்டாமற் போனது மார்க்கத்தில் இல்லாத ஒன்றன்று. மார்க்கம் கொடுத்ததைக் கூட்டத்தாரின் மானம் பறித்துக்கொண்டது. இதை மற்றவர்களுக்குச் சொல்ல நான் யார்? தப்தர் ஏந்திச் சென்றவன், பேரீச்சம்பழம் அள்ளியவன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மகளை அழைத்தேன். திருப்பூர்ச் சம்பந்தத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"அத்தா, இப்போ சொல்றீங்களா, கேக்கறீங்களா?"

"கேக்கறேம்மா."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சமையலறைக்குச் சென்று இரண்டு குவளை தேநீருடன் திரும்பினாள். எதிரே அமர்ந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தேர்வு முடியட்டும் என்றாள். பெரியவர்கள் உடனிருக்க ஒருமுறை அந்தப் பையனுடன் பேச வேண்டும் என்றாள். படிப்பை முடித்து வேலைக்குச் செல்வது பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிய வேண்டும் என்றாள். ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாள். எத்தனை மாதங்களாக இவற்றை மனத்தில் அடுக்கி வைத்திருந்தாளோ! தேநீர் ஆறிவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை என்பதை மட்டும் சற்றுப் பெருமையுடன் எழுதுகிறேன்.

அன்று மாலையே திருப்பூருக்குத் தொலைபேசியில் பேசினேன். வாக்குத் தவறுகிறேன் என்று எண்ணிவிடுவாரோ என அஞ்சிக்கொண்டே, மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். பையனின் தந்தை நெடுநேரம் மௌனமாக இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் நினைத்த வேளையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க பையன்கிட்டயும் நாங்க இன்னும் கேக்கலைங்க. கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

இதை எழுதும் இந்நேரம் வரை அழைப்பு வரவில்லை.